வாசலில் ஒரு ஆவாரஞ் செடி!

போகிப் பண்டிகை வந்துவிட்டால் கொங்கு நாட்டில் ஆவாரம் பூவுக்குத் தனி மரியாதை! வேப்பிலை, பூளைப்பூ, ஆவாரம் பூ மூன்றையும் சேர்த்துக் கட்டி, வீட்டுக் கூரையில் செருகுவார்கள். இதற்குக் "காப்புக் கட்டுதல்" என்று பெயர்.

அந்த நாள் போனால், ஆவாரஞ் செடியை யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. ரோட்டோரம் தானே முளைத்துக் கிடப்பதுதானே என்ற அலட்சியம்!

இது நம் நாட்டுச் செடி. இலங்கையிலும் உண்டு. தெலுங்கர்கள் "தங்கேடு" என்பார்கள். தெலுங்கானாவின் மாநில மலர் இதுதான். ஒரு காலத்தில் தோல் பதனிட ஆவாரம் பட்டைக்கு நல்ல கிராக்கி இருந்தது.

வளர்ப்பது எப்படி?

ஆவாரங் காய் பட்டையாக, காகிதம் போல இருக்கும். காய்ந்து பழுப்பு நிறம் ஆனதும் பறித்து விதை எடுக்க வேண்டும். விதையின் தோல் கெட்டியானது. சும்மா ஊன்றினால் லேசில் முளைக்காது. கொதித்து இறக்கிய வெந்நீரை அதன் மேல் ஊற்றி, ஒரு இரவு ஊற விடுங்கள். காலையில் உப்பியிருக்கும் விதைகளை ஊன்றுங்கள்.

வேர் ஆழமாக இறங்கும். ஆகவே, செடி நிற்க வேண்டிய இடத்திலேயே ஊன்றுவது நல்லது. நல்ல வெயில் வேண்டும். தண்ணீர் தேங்கக் கூடாது. பூத்து முடிந்ததும் நுனிகளை வெட்டிவிட்டால், பக்கக் கிளை வெடித்து ஆள் உயரத்துக்குப் புதர் போல அடர்ந்து நிற்கும்.

இலையில் பச்சைப் புழுக்கள் தெரிந்தால் மருந்து அடிக்காதீர்கள். அவை வண்ணத்துப்பூச்சி ஆகப் போகிறவை!

பூவின் உபயோகம்

பூவை நிழலில் காய வைத்து, பயற்றம் மாவுடன் அரைத்துக் குளிக்கலாம். பாசிப்பருப்புடன் கூட்டு வைக்கலாம். தண்ணீரில் கொதிக்க வைத்து வடிகட்டியும் குடிக்கலாம்.

இங்கேதான் ஒரு எச்சரிக்கை!

எங்கள் தெருவில் ஒரு பாட்டி. நீரிழிவுக்காரர். "ஆவாரம் பூ தண்ணீரே போதும்" என்று யாரோ சொல்ல, மாத்திரையை நிறுத்திவிட்டார். ஒரு மாதத்தில் கால் புண் ஆறாமல் ஆஸ்பத்திரியில் படுத்தார்.

எலிகளுக்குக் கொடுத்துச் சோதித்தபோது இந்தப் பூ சர்க்கரையைக் குறைத்தது உண்மை. அதற்காக இது மாத்திரைக்கு ஈடு ஆகாது. மாத்திரையோடு சேர்த்துக் குடித்தால் சர்க்கரை அளவுக்கு மீறி இறங்கிவிடவும் கூடும். டாக்டரிடம் கேட்டுக் குடியுங்கள். கர்ப்பிணிகள் தொட வேண்டாம்.

இன்னொன்று. மஞ்சள் அரளியும் மஞ்சளாகத்தான் பூக்கும். அது கொடிய விஷம்! குழந்தைகளைப் பூப் பறிக்க அனுப்பும் தாய்மார்கள் வித்தியாசத்தைச் சொல்லிக் கொடுங்கள். அரளிப் பூ புனல் போல இருக்கும். இலை நீண்டு ஒல்லியாக இருக்கும். ஒடித்தால் பால் வடியும். ஆவாரம் பூவுக்கு ஐந்து இதழ்கள் தனித்தனியாக விரிந்திருக்கும். புளிய இலை போல இரு பக்கமும் சிற்றிலைகள். காம்பின் அடியில் காது மடல் போல ஒரு சிறு இலை. ஒடித்தால் பால் வராது.

பறிக்கும்போது நாலைந்து கொத்தை விட்டுவிடுங்கள். இந்தப் பூவில் தேன் கிடையாது; மகரந்தத்துக்காகவே கருவண்டு ரீங்காரமிட்டு வரும். அது வந்து போனால்தான் காய் பிடிக்கும். பக்கத்து வீட்டுக்குக் கொடுக்க உங்களிடம் விதையும் இருக்கும்.