விரைவு உணவும் நிதானத் தேர்வும்



விரைவு உணவை அறவே விலக்குங்கள் என்று நான் அறிவுரை கூறப்போவதாக நீங்கள் எண்ணக்கூடும். அது என் நோக்கமன்று. மாலையில் வகுப்பு முடிந்து பசியோடு வருபவர் கண்ணில் முதலில் படுவது கடை வாசல்தானே? நானும் அத்தகைய கடைகளில் உண்பவனே. ஆகவே, அங்கே எதை, எவ்வளவு உண்பது என்பது பற்றிச் சில சொற்கள் கூற விரும்புகிறேன்.

முதலில் ஒன்றைத் தெளிவாக்கிக்கொள்வோம். விரைவு என்பது ஓர் உணவின் குற்றமன்று. நம் ஊர்ச் சிற்றுண்டிச் சாலையில் இட்டலி கேட்டவுடன் வந்துவிடுகிறது, சுண்டலும் அவ்வாறே. ஒன்று ஆவியில் வெந்தது. மற்றொன்று நீரில் வெந்தது. இரண்டினாலும் கேடில்லை. கேடு விளைவிப்பவை எண்ணெய், உப்பு, சர்க்கரை, அளவு என்னும் நான்கின் மிகுதியே.

எண்ணெயைப் பார்ப்போம். ஒரு கிராம் மாவுச்சத்து 4 கலோரி தருகிறது. ஒரு கிராம் கொழுப்போ 9 கலோரி தருகிறது. பொரித்த பண்டம் சிறிதாயினும் சுமை பெரிதாவது இதனால்தான். மேலும், ஒரே எண்ணெயைத் திரும்பத் திரும்பக் காய்ச்சினால் அதில் சிதைவுப் பொருள்கள் பெருகுகின்றன. அவை 25 விழுக்காட்டைத் தாண்டிய எண்ணெயில் சமைக்கலாகாது என்னும் விதி நம் நாட்டில் 2018 ஜூலை முதல் நடைமுறையில் உள்ளது. கடையில் நமக்கு ஆய்வுக்கூடம் இல்லை, கண் உண்டு. எண்ணெய் கறுத்து, நுரைத்து, புகைந்தால் அங்கே வடையை விட்டுத் தோசை கேளுங்கள்.

உப்பு நாளொன்றுக்கு 5 கிராமுக்குக் குறைவாக இருக்கவேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். அது ஏறத்தாழ ஒரு தேக்கரண்டி. நூடுல்சின் மசாலாப் பொட்டலத்தில் பாதியைப் போடுவதும், பரோட்டாவைச் சால்னாவில் ஊறவிடாமல் தொட்டு உண்பதும் எளிய வழிகள்.

சர்க்கரைக்கு வருவோம். இனிப்பூட்டிய குளிர்பானம் 300 மில்லிலிட்டரில் ஏறத்தாழ 30 கிராம் சர்க்கரை, அதாவது ஆறு தேக்கரண்டி அளவு, கரைந்திருக்கலாம். காப்பியில் ஆறு கரண்டி சர்க்கரை போட நாம் உடன்படுவோமா? அதற்குப் பதில் தண்ணீரோ மோரோ பருகினால் பசியும் குறையாது, பணமும் மிஞ்சும். நான்கு மாற்றங்களுள் இதுவே மிக எளிது என்பது என் கருத்து.

இறுதியாக அளவு. சிறிது பணம் கூட்டினால் பெரிய தட்டு என்பது வணிகரின் கணக்கு. பசியின் கணக்கு வேறு. பத்து அல்லது அதற்கு மேற்பட்ட இடங்களில் கிளைகளுள்ள உணவகங்கள் ஒவ்வொரு பண்டத்தின் கலோரி அளவையும் பட்டியலில் காட்டவேண்டும் என்பது 2022 ஜூலை முதல் நடைமுறை. வளர்ந்தவர் ஒருவருக்கு நாளொன்றுக்குச் சராசரியாக 2,000 கலோரி தேவை. இவ்விரு எண்களையும் ஒப்பிடுவது பள்ளிக் கணக்கைவிடக் கடினமன்று. நான்கு பரோட்டா உண்பவர் இரண்டோடு நிறுத்தி, ஒரு முட்டையைச் சேர்த்துக்கொண்டால் புரதமும் கிடைக்கும், வயிறும் நிறையும்.

நாவின் பழக்கங்கள் இளமையில் வேரூன்றுபவை. அவையே நாற்பதாவது வயதில் இரத்தக் கொதிப்பாகவோ நீரிழிவாகவோ வந்து கணக்குக் கேட்கக்கூடும். ஆதலின் நண்பர்களே, கடைக்காரர் விரைந்து சமைக்கட்டும். நாம் நிதானமாகத் தேர்ந்தெடுப்போம்.