தண்ணீர் மேல் போகும் சாலை
மறுகரை – 7

காசிமேடு மீன்பிடித் துறைமுகத்தில் லாஞ்சுக்கும் ஃபைபர் படகுக்கும் பஞ்சமில்லை. ஐஸ் ஏறும், டீசல் ஏறும், வலை ஏறும். கார் ஏறி எதிர்க்கரைக்குப் போகும் படகுதான் கிடையாது. எண்ணூர் வரை தேடினாலும் கிடைக்காது. அதைப் பார்க்க இந்தக் கடலிலேயே தெற்கே இறங்கி, யாழ்ப்பாணத்துத் தீவுகளுக்குப் போக வேண்டும்.

காரைநகருக்கும் ஊர்காவற்றுறைக்கும் இடையில் சின்னஞ்சிறு நீரிணை. நடுவில் கடற்கோட்டை, போர்த்துக்கேயர் கட்டி, ஒல்லாந்தர் கைக்குப் போனது, இன்று இலங்கைக் கடற்படை நடத்தும் விடுதி. அதைப் பார்த்தபடி தட்டையான மிதவை ஒன்று இரு கரைக்கும் போய் வருகிறது. ஊரில் அதைப் ‘பாதை’ என்கிறார்கள். மோட்டார் சைக்கிள், ஆட்டோ, சிறு வாகனம் எல்லாம் ஏறும். கட்டணம் இல்லை.

இரண்டு ஊருக்கும் தரைவழி இல்லாமல் இல்லை. காரைநகருக்குப் பொன்னாலைப் பாலம், ஊர்காவற்றுறைக்குப் பண்ணைப் பாலம். ஆனால் ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குத் தரைவழியே போக வேலணை, அல்லைப்பிட்டி, யாழ்ப்பாண நகரம், வட்டுக்கோட்டை, பொன்னாலை என்று ஒரு பெரிய சுற்று. பாதையில் ஏறினால் சில நிமிடம்.

போர்க்காலத்தில் இந்தத் தீவுகளை விட்டுப் போனவர்கள் பலர் திரும்பவில்லை. பூட்டிய வீடுகள் நிறைய. லாபம் பார்த்தால் இங்கே படகு விட யாரும் வரமாட்டார்கள். பாதையை நடத்துவது வீதி அபிவிருத்தி அதிகார சபை. சாலை போடும் துறைக்கு இந்தத் தண்ணீரும் சாலையின் ஒரு துண்டு. சுங்கச்சாவடி நெடுஞ்சாலையை விடுங்கள்; ஊர்ச் சாலையில் நடக்க யார் டிக்கெட் கேட்கிறார்கள்?

பாலம் வந்தால் படகு போய்விடும் என்பதும் முழு உண்மையில்லை. கொச்சியில் வைப்பின் தீவை எர்ணாகுளத்தோடு சேர்க்கும் கோஸ்ரீ பாலங்கள் 2004இல் திறந்தன. அப்படியும் 2018இல் வைப்பினுக்கும் ஃபோர்ட் கொச்சிக்கும் இடையே, கொச்சி மாநகராட்சிக்குச் சொந்தமான ‘சேதுசாகர்’ வண்டிப் படகுகள் ஓடத் தொடங்கின. அங்கேயும் காரணம் நகரத்தைச் சுற்றும் தொல்லைதான்.

பொறுப்பு தளர்ந்தால் என்ன ஆகும் என்பதைக் கிண்ணியா காட்டியது. திருகோணமலை மாவட்டத்துக் குறிஞ்சாக்கேணியில் பாலம் கட்டி முடியும்வரை மாற்றாக ஓடிய மிதவை 2021 நவம்பர் 23 அன்று கவிழ்ந்தது. இறந்தவர்களில் பள்ளிப் பிள்ளைகளும் உண்டு. தற்காலிக ஏற்பாடுதானே என்று விட்ட இடத்தில் போனது நிரந்தரமாகப் போயிற்று.

இனி நம் எண்ணூர். கொசஸ்தலை ஆறு கடலில் சேரும் முகத்துவாரத்தின் தென்கரையில் மீனவர் குப்பங்கள். வடகரையில் காமராசர் துறைமுகம், அதற்கும் வடக்கே காட்டுப்பள்ளி. எதிர்க்கரை கண்ணெதிரே இருக்கிறது. வண்டியில் போனால் சுற்றுத்தான். இங்கே ஒரு பாதை ஓடினால் என்ன என்று தோன்றும். வண்டி இறங்கச் சரிவுத்துறை கட்டிவிடலாம், நடத்த ஒரு துறையையும் நியமிக்கலாம். ஆழத்துக்கு எங்கே போவது? அனல் மின்நிலையச் சாம்பல் படிந்து கழிமுகம் மேடாகிக் கிடக்கிறது என்று மீனவர்கள் பல ஆண்டுகளாகச் சொல்லி வருகிறார்கள்.

எண்ணூருக்கு வண்டிப் படகு கேட்கிறவர் முதலில் சாம்பலை அள்ளச் சொல்லிக் கேட்க வேண்டும். ஆழம் திரும்பினால், வண்டிப் படகு வராமலே போனாலும், ஃபைபர் படகு தரை தட்டாமல் உள்ளே வரும், இறாலும் வரும்.

(அடுத்த வாரம்: குறிகட்டுவானிலிருந்து நயினாதீவுக்கு)