இளையோரும் பாலியல் நலப் பரிசோதனையும்: மலேசியச் சூழலில் சமூகத்தின் தாக்கம்

முன்னுரை

மலேசியாவில் எச்.ஐ.வி. தொற்று முதன்முதலில் 1986ஆம் ஆண்டில் கண்டறியப்பட்டது. தொடக்கத்தில் போதை ஊசிகளைப் பகிர்ந்துகொள்வதன்வழிப் பெரிதும் பரவிய இத்தொற்று, 2010களில் பாலுறவின்வழியே மிகுதியாகப் பரவும் நிலைக்கு மாறியது. அரசாங்கச் சுகாதார மருந்தகங்களில் பெயரைத் தெரிவிக்காமலேயே பரிசோதனை செய்துகொள்ள வழியுண்டு. எனினும் இளையோர் பலர் அங்குச் செல்லத் தயங்குகின்றனர். அறியாமை மட்டுமே இத்தயக்கத்திற்குக் காரணமன்று. மொழி, குடும்பம், நட்பு, நிறுவன நடைமுறை ஆகியனவும் இதனை உருவாக்குகின்றன என்பதை இக்கட்டுரை விளக்க முற்படுகிறது.

பரிசோதனையின் தேவை

பால்வினைத் தொற்றுகள் பல அறிகுறியின்றியே உடலில் தங்குவன. கிளமிடியா தொற்றிய பெண்களுள் பெரும்பாலோர் எத்துன்பத்தையும் உணர்வதில்லை. கவனியாதுவிடின் அது மகப்பேறின்மைக்குக் காரணமாகலாம். எச்.ஐ.வி. தொற்றியவரும் பல ஆண்டுகள் நலமுடனேயே காணப்படலாம். ஆகவே, நோய் தோன்றிய பின்னர்ப் பார்த்துக்கொள்ளலாம் என்னும் எண்ணம் இங்குப் பொருந்தாது. தொற்று நேர்ந்த மறுநாளே செய்யப்படும் சோதனையும் அதனைக் காட்டாது. இடைவெளிக் காலம் கடந்தபின் மீண்டும் சோதித்தல் வேண்டும். முன்கூட்டியே கண்டறிந்து மருந்தைத் தொடர்ந்து உட்கொள்பவரின் குருதியில் கிருமியின் அளவு கண்டறிய இயலாத நிலைக்குக் குறையும்போது, அவர்வழிப் பாலுறவினால் தொற்று பரவுவதில்லை என்பது இன்று உறுதிப்பட்ட மருத்துவ உண்மையாகும்.

சொல்லும் பழியும்

இந்நோய்களுக்குத் தமிழில் வழங்கிவந்த பெயர்களே சமூகத்தின் மனப்போக்கைக் காட்டுவன. 'பறங்கிப்புண்' என்பது நோயை அயலார்மீது சுமத்திற்று. பேச்சு வழக்கிலுள்ள 'பொம்பளைச் சீக்கு' என்பது பெண்மீது பழி சுமத்துகிறது. இவ்விரு பெயர்களும் தொற்றைப் பிறர் குற்றமாகக் காட்டுகின்றன. இத்தகைய சொற்களைக் கேட்டு வளரும் இளைஞர் ஒருவர், பரிசோதனைக்குச் செல்வதையே குற்றத்தை ஒப்புக்கொள்வதாகக் கருதுவதில் வியப்பில்லை. 'பால்வினை நோய்' என்னும் பிற்காலச் சொல் யாரையும் சுட்டாமல் நோய் பரவும் வழியை மட்டும் கூறுவது குறிப்பிடத்தக்கது.

குடும்பமும் நட்பும்

திருமணமாகாத பிள்ளைகளுக்குப் பாலியல் வாழ்வு இல்லை என்னும் எடுகோளின்மேல் நம் குடும்பப் பேச்சு அமைந்துள்ளது. எனவே பரிசோதனை பற்றிய கேள்வியே ஒழுக்கம் பற்றிய ஐயமாக மாறிவிடுகிறது. இச்சுமை மகள்மீது மிகுதியாக விழுகிறது. எல்லாரும் ஒருவரையொருவர் அறிந்த தாமான்களிலும் தோட்டப்புறங்களிலும் மருந்தக வரிசையில் உறவினர் எவரேனும் கண்டுவிடுவரோ என்னும் அச்சமும் உண்டு. முடிவைவிட, பார்க்கப்படுவதே இவர்களை அதிகம் அச்சுறுத்துகிறது.

நட்பின் தாக்கம் இருவகைப்பட்டது. கேலி பேசும் நண்பர் குழு மௌனத்தை வளர்க்கும். அதே குழுவில் ஒருவர், "நான் போய்வந்தேன், சற்று நேரத்தில் முடிந்துவிட்டது" என்று இயல்பாகக் கூறினால், மற்றவர்க்கு அச்செயல் எளிதாகிறது. துணையிடம் பரிசோதனை பற்றிப் பேசுவது நம்பிக்கையின்மையாகக் கருதப்படுவதும் மற்றொரு தடையாகும்.

வழக்கமாகும்போது நீங்கும் வெட்கம்

இத்தடைகள் மாற்ற இயலாதவை அல்ல என்பதற்கு நம் நாட்டிலேயே சான்று உண்டு. 1998 முதல் அரசாங்க மருந்தகங்களில் கருவுற்ற தாய்மார்களுக்கு எச்.ஐ.வி. பரிசோதனை வழக்கமான நடைமுறையாயிற்று. எல்லாருக்கும் செய்யப்படுவதால் அது எவருடைய ஒழுக்கத்தையும் ஐயுறுவதாகத் தோன்றவில்லை. 2018ஆம் ஆண்டில், தாயிடமிருந்து சேய்க்கு எச்.ஐ.வி.யும் சிபிலிசும் பரவுவதை ஒழித்த நாடாக மலேசியாவை உலகச் சுகாதார நிறுவனம் அறிவித்தது.

முஸ்லிம் இணையர்க்கான திருமண முன் பரிசோதனை 2001இல் ஜொகூரில் கட்டாயமாக்கப்பட்டுப் பின்னர்ப் பிற மாநிலங்களுக்கும் விரிந்தது. பிறர்க்கு அது விருப்பத்தைச் சார்ந்தது. கட்டாயம் சோதனை எண்ணிக்கையைக் கூட்டலாம்; ஆனால் திருமணத் தறுவாயில் வெளிப்படும் முடிவு, உரிய ஆலோசனை இல்லையேல் ஒருவரைத் தனிமைப்படுத்திவிடும். மேலும், மணமாகாத, கருவுறாத இளையோர் இவ்விரு நடைமுறைகளுக்கும் வெளியே நிற்கின்றனர். 2016இல் உலகச் சுகாதார நிறுவனம் பரிந்துரைத்த எச்.ஐ.வி. சுய பரிசோதனை இவர்களுக்கு ஒரு வாயிலாகும். எனினும் சுய பரிசோதனை தொற்றைக் காட்டினால், அதனை மருந்தகத்தில் உறுதிசெய்தல் இன்றியமையாதது.

ஆசிரியர் பங்கு

தமிழ்ப்பள்ளி மாணவர் உடலைப் பற்றிய முதற் சொற்களை நலக்கல்வி வகுப்பில் தமிழிலேயே கற்கின்றனர். அப்பாடத்தை ஆசிரியர் தயக்கத்துடன் கடந்துசென்றால், மாணவர் கற்பது தயக்கத்தையே. வயதுக்கேற்ற, பழிச்சொல் கலவாத, துல்லியமான கலைச்சொற்களை வழங்குதல் மொழியாசிரியர்க்கும் உரிய பணியாகும். பிற்காலத்தில் மருத்துவரிடம் தன் ஐயத்தைக் கூற முற்படும் இளைஞர்க்கு அச்சொற்களே துணைநிற்கும்.

முடிவுரை

பரிசோதனைக் கூடத்தின் கதவு திறந்திருப்பது மட்டும் போதாது. அதனுள் நுழைபவரை இழிவாக நோக்காத சமூகமும் வேண்டும். தாய்மார்களுக்கு இயல்பாகிவிட்ட ஒரு நடைமுறை இளையோர்க்கும் இயல்பாதல் கூடும். அதற்கு நம் வீட்டிலும் வகுப்பறையிலும் வழங்கும் சொற்கள் முதலில் மாறுதல் வேண்டும்.