இறக்கைக்கு அருகே இறக்கை

கோவில்பட்டியைச் சுற்றியுள்ள கரிசல் சாலைகளில் மாட்டு வண்டிப் பந்தயம் பார்த்துப் பழகியவர்கள், எல்லையைத் தொட்டு வண்டி திரும்பும் கணத்தை விசேஷமாகக் கவனித்திருப்பார்கள். வண்டி இடப்புறம் திரும்பும்போது இடத்து மாடு ஏறக்குறைய நின்ற இடத்திலேயே கால் மாற்ற, வலத்து மாடோ பெரிய வட்டத்தைச் சுற்ற வேண்டியிருப்பதால் எட்டி எட்டிப் பாய்கிறது. இரண்டும் பிரிந்து போகாமல் நுகத்தடி பிடித்து நிறுத்துகிறது. அந்த நுகத்தடியைக் கழற்றிவிட்டு, மாடுகளின் ஸ்தானத்தில் மணிக்கு 500 கிலோமீட்டருக்கும் மேல் விரையக்கூடிய ஒன்பது ஜெட் விமானங்களை நிறுத்தி, நடுவில் ஐந்து மீட்டருக்கும் குறைவான இடைவெளி விட்டு, ஒன்பதையும் ஒருசேரத் திரும்பச் சொன்னால், அணிவகுத்துப் பறத்தல் என்னும் வித்தை எத்தகையது என்பது ஒருவாறு விளங்கும்.

நமது விமானப் படையின் சூர்யகிரண் குழு 1996-ஆம் ஆண்டில், கர்நாடகத்தின் பீதர் தளத்தில், கிரண் விமானங்களைக் கொண்டு தொடங்கப் பெற்றது. 2011-இல் நிறுத்தப்பட்டு, சில ஆண்டுகளுக்குப் பின் ஹாக் விமானங்களோடு மீண்டும் எழுந்தது. 2024 அக்டோபர் 6-ஆம் தேதி சென்னை மெரினாவில் லட்சக்கணக்கான ஜனங்கள் அண்ணாந்து பார்த்த காட்சியில் அதுவும் இருந்தது. கோவைக்கு அருகில் சூலூரைத் தளமாகக் கொண்ட சாரங் ஹெலிகாப்டர் குழுவும் இருந்தது. சூர்யகிரண் விமானிகள் பிறருக்குப் பறக்கக் கற்றுக்கொடுக்கும் தகுதி பெற்ற ஆசிரியர்கள். அந்த ஆசிரியர்களை உருவாக்கும் பள்ளி 1954 முதல் நம் தாம்பரத்தில்தான் இருக்கிறது என்பது நம்மில் பலர் அறியாத செய்தி.

அருகிலிருந்து பார்த்தால் அங்கே நடப்பது இதுதான். முதல் விமானத்தில் இருக்கும் லீடர் பூமியையும் தொடுவானத்தையும் பார்த்துப் பறக்கிறார்; மற்றவர்கள் லீடரைப் பார்த்துப் பறக்கிறார்கள். பக்கத்து விமானி, லீடருடைய இறக்கை நுனியிலுள்ள விளக்கை அவ்விமானத்தின் உடலிலுள்ள ஒரு குறியோடு மனத்துக்குள் கோடு இழுத்துச் சேர்த்து வைத்துக்கொள்கிறார். அந்த விளக்கு குறிக்கு மேலே தெரிந்தால் தாம் தாழ்ந்துவிட்டோம் என்றும், கீழே தெரிந்தால் உயர்ந்துவிட்டோம் என்றும் அறிந்து, பிறர் கண்ணுக்குத் தெரியாத அளவுக்கு மிகச் சிறிதாகக் கையை அசைக்கிறார். ஜெட் எஞ்சின் விசையைத் தள்ளிய மாத்திரத்தில் பதில் சொல்வதில்லை. ஆகையால், பின்தங்கப் போகிறோம் என்பதைப் பின்தங்குவதற்கு முன்பே உணர்ந்து விசையைக் கூட்டவும், அது பலித்துவிடும் முன்பே குறைக்கவும் வேண்டும். பின்னால் வருபவர்கள், முன்செல்லும் விமானம் கலக்கிவிட்டுப் போகும் காற்றிலும் அதன் புகையிலும் அகப்படாமல் சற்றே தாழ்ந்து பறக்கிறார்கள். கயத்தாற்றுப் பக்கம் காற்றாலைகளை ஒன்றின் பின் ஒன்றாக நெருக்கி நடாமல் தள்ளித் தள்ளி நட்டிருப்பதற்கும் காரணம் இதே காற்றுக் கலக்கந்தான்.

வீட்டுக் கணினியில் சிமுலேட்டரை வைத்து இரவெல்லாம் நண்பர்களோடு அணிவகுத்துப் பறக்கும் இளைஞர்கள் இன்று சிற்றூர்களிலும் இருக்கிறார்கள். அவர்களுடைய சாதனத்தின் மூதாதையை 1929-இல் அமெரிக்காவின் பிங்காம்டன் நகரில் செய்தவர் எட்வின் லிங்க். அவர் பியானோவும் ஆர்கனும் செய்யும் குடும்பத்தில் பிறந்தவர். ஆர்கன் வாத்தியத்தின் காற்றுத் துருத்திகளையே கொண்டு தம் பெட்டியைச் சாய்த்தும் நிமிர்த்தியும் காட்டினார். முதலில் கேளிக்கைப் பூங்காக்களுக்கே விலை போன அந்தப் பெட்டியை, தபால் சுமந்து சென்ற ராணுவ விமானிகள் பலர் மோசமான வானிலையில் மாண்ட பிறகு, 1934-இல் அமெரிக்க ராணுவம் வாங்கிற்று. மேகத்துக்குள் கருவிகளை மட்டும் நம்பிப் பறக்கக் கற்பிப்பதே அதன் பிரயோஜனம். கருவிகளெல்லாம் பெட்டிக்குள்ளேயே இருப்பவை. ஆதலால் அந்த வேலைக்குச் சிமுலேட்டர் அன்றும் இன்றும் வெகு பொருத்தமானது.

அணிவகுப்பில் பார்க்க வேண்டிய பொருளோ பெட்டிக்கு வெளியே, கைக்கெட்டும் தூரம் போல நிற்கும் இன்னொரு விமானம். பெரிய சிமுலேட்டர்களில் கண்ணாடிகளைக் கொண்டு காட்சியை வெகு தூரத்தில் இருப்பதுபோலத் தோற்றுவிக்கிறார்கள். ஓடுதளத்துக்கு அது சரி, பக்கத்து இறக்கைக்குச் சரிப்படாது. வீட்டுத் திரையில் ஆழமே இல்லை. தலையில் மாட்டும் விஆர் கருவி இக்குறையைப் பெரிதும் தீர்த்துவிடுகிறது என்பதை நியாயமாக ஒப்புக்கொள்ள வேண்டும். ஆனால் கையசைவுக்கும் காட்சி அசைவுக்கும் இடையே விநாடியில் ஒரு சிறு பின்னம் தாமதம் நேர்ந்தாலும், விமானி திருத்தியதையே மறுபடி திருத்தி ஊசலாடத் தொடங்கிவிடுகிறார். இணையத்தின் வழியே வரும் நண்பனுடைய விமானமோ, செய்தி வந்து சேரும் இடைவெளிகளில் அது எங்கே இருக்கக்கூடும் என்று கணினி அனுமானித்து வரையும் உருவமே. இருக்கையின் அழுத்தமும், சித்திரை வெயிலில் காய்ந்த கரிசல் மண்ணிலிருந்து எழும் அனற்காற்று இறக்கையைத் தூக்கிப் போடும் அதிர்ச்சியும் அங்கே இல்லை. இவ்வகையில் பார்த்தால், மெய்யான விமானத்தில் கண்ணும் உடம்பும் தரும் துணை வீட்டுச் சிமுலேட்டரில் கிடையாது. அங்கே இடம் பிடித்து நிற்பது ஒரு விதத்தில் அதிகக் கடினமே.

என்றாலும் அங்கே மோதினால் பொத்தானை அழுத்தி மறுபடி தொடங்கலாம்; மெய்யான வானில் அது முடியாது. 2019 பிப்ரவரி 19-ஆம் தேதி, பெங்களூரின் எலகங்காவில் ஒத்திகையின்போது இரண்டு சூர்யகிரண் விமானங்கள் மோதிக்கொண்டன. ஒரு விமானி உயிரிழந்தார், இருவர் காயங்களோடு தப்பினர். ஒவ்வொரு லீடரும் தம்மைத் தொடரும் உயிர்களை மனத்தில் வைத்தே திரும்புகிறார். திடீரென்று எதையும் செய்யாமல், அடுத்து இன்னது செய்யப் போகிறேன் என்று சொல்லிவிட்டு, ஒரே சீராகச் செய்கிறார். பக்கத்தில் பறப்பவரும் தம் தொடுவானத்தை அவரிடம் ஒப்படைத்துவிட்டே பறக்கிறார். இந்தப் பரஸ்பர விசுவாசத்தையே நான் அவ்வித்தையின் ஜீவன் என்று கருதுகிறேன். கணினி லீடர் சோர்வதும் இல்லை, நம்மை நம்புவதும் இல்லை. ஆயினும் அணியில் வந்து சேரும் முறை, ரேடியோப் பேச்சு, லீடர் கண்ணிலிருந்து மறைந்துவிட்டால் உடனே விலகிச் செல்லும் வழி ஆகியவற்றை அபாயமின்றி ஆயிரம் முறை அப்பியாசம் செய்வதற்கு அதைவிடச் சிறந்த உபாத்தியாயர் இல்லை.

சிமுலேட்டரை விட்டு மெய்யாகவே பறக்க விரும்புவோருக்கு ஒரு செய்தி: கோவில்பட்டி அருகே பழைய ஓடுதளம் ஒன்று உண்டு; அங்கே விமானப் பயிற்சிப் பள்ளி நிறுவுவதற்குத் தமிழக அரசின் தொழில் வளர்ச்சி நிறுவனமான டிட்கோ முயற்சி எடுத்திருக்கிறது. அது அமையுமானால், வணிக விமானி உரிமத்துக்கு வேண்டிய 200 மணி நேரப் பறப்பை நம் பிள்ளைகள் ஊர்ப் பக்கத்திலேயே பெறக்கூடும். அந்த உரிமத்துக்குரிய பாடத்தில் அணிவகுப்பு கிடையாது. விமானிகள் முன்கூட்டியே தமக்குள் பேசி முடிவு செய்யாமல் அணியாகப் பறக்கக் கூடாதென்பதும் வான்வெளி விதி. அணிவகுப்பில் மெய்யான நாட்டம் உள்ளவர்கள் விமானப் படைத் தேர்வு எழுதி, துண்டிகல் விமானப் படை அகாடமியில் தனியாகப் பறக்கக் கற்று, மேற்பயிற்சியில் இன்னொரு விமானத்தின் அருகே செல்லப் பழகி, பல வருஷங்கள் படையில் பறந்து, தாம்பரத்தில் ஆசிரியராகத் தேறிய பிறகே சூர்யகிரணில் சேர விண்ணப்பிக்க முடியும்.