கடைமடையிலிருந்து மதகு வரை

நுழையும்முன்

கட்டணம் செலுத்துதல், விண்ணப்பம் அனுப்புதல், பாடம் கற்றல் எனப் பல பணிகள் இன்று இணையத்தைச் சார்ந்துள்ளன. இணைப்பு தடைப்பட்டால் அப்பணிகள் யாவும் நின்றுவிடுகின்றன. தடை எங்குள்ளது என்று அறியாமலேயே எதையேனும் மாற்றிப் பார்ப்போர் பலர். லினக்ஸ் இயக்குதளத்தில் இயங்கும் வீட்டுக் கணினியில் இணைப்பு தடைப்படும்போது, அதன் காரணத்தை முறையாகத் தேடிக் கண்டறியும் வழியை இக்கட்டுரை விளக்குகிறது.

ஊகமும் சோதனையும்

கல்லூரி விண்ணப்பம் அனுப்ப இறுதி நாள், மாலை நேரம். மாணவி ஒருவரின் மடிக்கணினியில் எந்த வலைப்பக்கமும் திறக்கவில்லை என்று கொள்ளலாம். "இயக்குதளம் கெட்டுவிட்டது; எல்லாவற்றையும் அழித்துவிட்டுப் புதிதாக நிறுவவேண்டும்" என்கிறார் உறவினர் ஒருவர். "ரூட்டரை மாற்றினால்தான் சரியாகும்" என்கிறார் பக்கத்து வீட்டுக்காரர். முதலாமவர் சொல்வதைக் கேட்டால் ஈராண்டுகளாகச் சேர்த்த கோப்புகள் அழியக்கூடும். இரண்டாமவர் சொல்வதைக் கேட்டால் பணம் வீணாகக்கூடும். இருவர் கூறியவையும் ஊகங்களே. இருவரில் ஒருவரும் சோதித்துப் பார்க்கவில்லை.

கடைமடை உழவர் தம் வயலுக்கு நீர் வராதபோது என்ன செய்கிறார்? ஏரி வற்றிவிட்டதென்று உடனே முடிவுகட்டுவதில்லை. தம் வயலின் மடையில் தொடங்கி, வாய்க்கால் கரைவழியே மேல்நோக்கி நடக்கிறார். மடையில் அடைப்பா, கிளை வாய்க்காலில் உடைப்பா, மதகு மூடியுள்ளதா என ஒவ்வோர் இடமாகப் பார்த்துச் செல்கிறார். நீர் எதுவரை வந்து நின்றுள்ளதோ அங்கேதான் தடை இருக்கிறது.

இணைய இணைப்பும் அத்தகையதே. கணினியிலுள்ள வலையமைப்புக் கருவி, அதனை இயக்கும் மென்பொருள், கணினியின் முகவரி, வீட்டு ரூட்டர், சேவை நிறுவனத்தின் தடம், பெயரை எண்ணாக மாற்றும் அமைப்பு எனப் பல கண்ணிகள் கோத்த சங்கிலி அது. ஒரு கண்ணி அறுந்தாலும் திரையில் தோன்றும் விளைவு ஒன்றே: பக்கம் திறப்பதில்லை. ஆகவே, விளைவை மட்டும் பார்த்துக் காரணத்தைக் கூற இயலாது.

கையில் உள்ள கருவிகள்

பின்லாந்தின் ஹெல்சின்கி பல்கலைக்கழகத்தில் பயின்ற லினஸ் டோர்வால்ட்ஸ் 1991ஆம் ஆண்டு லினக்ஸின் கருநிரலை வெளியிட்டார். இந்தியாவில் சி-டாக் நிறுவனம், டெபியன் லினக்ஸை அடிப்படையாகக் கொண்டு 'பாஸ்' என்னும் இயக்குதளத்தை உருவாக்கியது. தமிழ்நாடு அரசு 2011 முதல் மாணவர்களுக்கு வழங்கிய மடிக்கணினிகள் பலவற்றில் பாஸ் லினக்ஸும் இடம்பெற்றிருந்தது. சங்கிலியின் ஒவ்வொரு கண்ணியையும் தனித்தனியே சோதிக்கும் கட்டளைகள் பெரும்பாலான லினக்ஸ் கணினிகளில் உள்ளன. 'டெர்மினல்' என்னும் முனையச் சாளரத்தில் அவற்றை உள்ளிடவேண்டும். கட்டளைகள் ஆங்கில எழுத்துகளில் அமைந்தவை. இங்கு ஒலிபெயர்ப்பில் தரப்பட்டுள்ளன.

வீட்டினுள்ளா, வெளியிலா?

முதல் சோதனைக்குக் கட்டளை எதுவும் வேண்டியதில்லை. அதே வைஃபையில் கைப்பேசியை இணைத்து ஒரு பக்கத்தைத் திறந்து பார்த்தாலே போதும். ஆனால், அதற்குமுன் கைப்பேசியின் மொபைல் டேட்டாவை நிறுத்திவிடவேண்டும். இல்லையெனில் பக்கம் வேறு வழியில் திறந்து, சோதிப்பவரை ஏமாற்றிவிடும். கைப்பேசியில் பக்கம் திறந்தால் ரூட்டரும் அதற்கு அப்பாலுள்ள தடமும் நலமே. பழுது கணினியில் உள்ளது. கைப்பேசியிலும் திறக்கவில்லையெனில் கணினியில் எதையும் மாற்றவேண்டியதில்லை. ஒளியிழை இணைப்புப் பெட்டியில் 'எல்ஓஎஸ்' என்னும் சிவப்பு விளக்கு எரிந்தால், ஒளிக்குறிப்பு வீடுவரை வந்து சேரவில்லை என்பது பொருள். அதைச் சேவை நிறுவனமே சரிசெய்யவேண்டும்.

கருவியும் முகவரியும்

பழுது கணினியில்தான் என்றால், 'ஐபி லிங்க்' என்னும் கட்டளையை இடவேண்டும். கணினி அறிந்துள்ள வலையமைப்புக் கருவிகளை அது பட்டியலிடும். பொதுவாகக் கம்பிவழிக் கருவியின் பெயர் 'ஈஎன்' என்றும், வைஃபை கருவியின் பெயர் 'டபிள்யூஎல்' என்றும் தொடங்கும். வைஃபை கருவி பட்டியலிலேயே இல்லையெனில், அதற்குரிய இயக்கியோ நிலைபொருளோ நிறுவப்படாமல் இருக்கலாம். வைஃபை சில்லுகள் பலவற்றின் நிலைபொருள், கட்டற்ற மென்பொருள் உரிமத்தின்கீழ் வராதது. அதனால் டெபியன் நெடுங்காலம் அவற்றைத் தன் நிறுவல் வட்டில் சேர்க்கவில்லை. 2023இல் வெளியான 12ஆம் பதிப்பு முதலே சேர்த்தது. இத்தகைய நிலையில் கைப்பேசியை யூஎஸ்பி வடத்தால் இணைத்து, அதன் இணையத்தைக் கணினிக்குப் பகிர்ந்து, தேவையான நிலைபொருளைப் பெறலாம்.

கருவி பட்டியலில் இருந்தும் இயங்கவில்லையெனில் 'ஆர்எஃப்கில் லிஸ்ட்' என்னும் கட்டளை உதவும். விமானப் பயன்முறை விசையைத் தவறுதலாக அழுத்தியதால் வைஃபை முடக்கப்பட்டிருந்தால் அது காட்டிவிடும்.

அடுத்தது முகவரி. வீட்டிலுள்ள ஒவ்வொரு கருவிக்கும் ரூட்டர் ஓர் ஐபி முகவரியை வழங்குகிறது. 'ஐபி அட்ரஸ்' என்னும் கட்டளை அதனைக் காட்டும். 192.168 என்று தொடங்கும் எண் பல வீடுகளில் காணப்படும். முகவரியே கிடைக்கவில்லையெனில், கடவுச்சொல் பிழையாக இருக்கலாம். ரூட்டர் முகவரி வழங்காமலும் இருக்கலாம். இணைப்பைத் துண்டித்து மீண்டும் இணைத்துப் பார்ப்பது இங்கே பொருத்தமான செயல்.

ஒலியும் எதிரொலியும்

முகவரி கிடைத்தபின் வழியைச் சோதிக்கவேண்டும். அதற்கு உதவுவது 'பிங்' என்னும் கட்டளை. கிணற்றில் குரல் கொடுத்து எதிரொலிக்குக் காத்திருப்பதைப்போல, இது ஒரு முகவரிக்குச் சிறு செய்தியை அனுப்பி மறுமொழியை எதிர்நோக்கும். லினக்ஸில் இது தானாக நிற்பதில்லை. கண்ட்ரோல் விசையுடன் 'சி' விசையை அழுத்தி நிறுத்தவேண்டும்.

முதலில் ரூட்டருக்கு அனுப்பிப் பார்க்கவேண்டும். 'ஐபி ரூட்' என்னும் கட்டளை காட்டும் 'டிஃபால்ட்' என்று தொடங்கும் வரியில் ரூட்டரின் முகவரி இருக்கும். அங்கிருந்து மறுமொழி வந்தால், 8.8.8.8 போன்ற வெளிமுகவரி ஒன்றுக்கு அனுப்பவேண்டும். சில கணினிகள் பிங் செய்திக்கு மறுமொழி தராதவாறு அமைக்கப்பட்டிருப்பதால், ஒரே முகவரியை நம்பி முடிவுசெய்தல் கூடாது.

தெரியுமா?

பிங் நிரலை 1983 டிசம்பரில் எழுதியவர் அமெரிக்கப் படைத்துறை ஆய்வகத்தில் பணியாற்றிய மைக் மூஸ். வலையமைப்பில் ஏற்பட்ட ஒரு பழுதின் காரணத்தைக் கண்டறிய ஒரே மாலைப்பொழுதில் அவர் இதை எழுதினார். நீர்மூழ்கிக் கப்பல்களைக் கண்டறியும் சோனார் எழுப்பும் ஒலியே இதன் பெயராயிற்று.

எண்ணும் பெயரும்

மாணவியின் கணினியில் இச்சோதனைகளைச் செய்தால் என்ன தெரியவரும்? கைப்பேசியில் பக்கம் திறக்கிறது. கணினிக்கு முகவரி உள்ளது. ரூட்டர் மறுமொழி தருகிறது. 8.8.8.8 முகவரியும் மறுமொழி தருகிறது. ஆனால், எண்ணுக்கு மாற்றாக ஒரு வலைத்தளத்தின் பெயரைக் கொடுத்தால் மட்டும் அப்பெயரை அறிய இயலவில்லை என்னும் பிழைச்செய்தி வருகிறது. வழி திறந்தே இருக்கிறது; பெயர்தான் எண்ணாக மாறவில்லை.

மனிதர் பெயர்களை நினைவில் கொள்கின்றனர். கணினிகள் எண்களால் தொடர்புகொள்கின்றன. தொடக்கக் காலத்தில் எல்லாப் பெயர்களும் ஒரே கோப்பில் எழுதப்பட்டிருந்தன. கணினிகள் பெருகியதால் அம்முறை போதாதாயிற்று. 1983இல் பால் மொகபெட்ரிஸ், டிஎன்எஸ் எனப்படும் களப்பெயர் முறைமையை வடிவமைத்தார். பெயரைக் கேட்டால் அதற்குரிய எண்ணைத் தரும் கணினி 'பெயர் வழங்கி' எனப்படும்.

மாணவி வைஃபை அமைப்பைத் திறந்து பார்க்கிறார். வேகம் கூடும் என்று எண்ணி, முந்தைய நாள் வீட்டில் ஒருவர் பெயர் வழங்கியின் முகவரியைக் கையால் மாற்றியுள்ளார். அதில் ஓர் எண் பிழை. அதனைத் 'தானியங்கி' நிலைக்கு மாற்றி மீண்டும் இணைத்ததும் பக்கம் திறக்கிறது. விண்ணப்பம் செல்கிறது. கோப்பு எதுவும் அழியவில்லை, பணமும் செலவாகவில்லை.

எல்லாச் சோதனைகளும் வென்றும் வலைத்தளங்கள் 'பாதுகாப்பற்ற இணைப்பு' என்று எச்சரித்தால், கணினியின் நாளையும் நேரத்தையும் பார்க்கவேண்டும். தாய்ப்பலகையிலுள்ள சிறு மின்கலம் தீர்ந்த பழைய கணினி, பல ஆண்டுகள் பின்தங்கிய நாளைக் காட்டக்கூடும். வலைத்தளச் சான்றிதழ்கள் குறிப்பிட்ட காலத்திற்கே செல்லும் என்பதால், நாள் பிழையானால் அவையும் செல்லாதவையாகத் தோன்றும்.

தேடலின் நெறி

பழுது நீக்குவோர் பின்பற்றவேண்டிய நெறிகள் மூன்று. அருகிலிருந்து தொடங்கித் தொலைவுக்குச் செல்லவேண்டும். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டுமே மாற்றவேண்டும். பலவற்றை ஒருசேர மாற்றினால் எது பயன் தந்தது என்பது தெரியாது. மாற்றுவதற்கு முன் பழைய நிலையைக் குறித்துவைக்கவேண்டும். இம்மூன்றையும் கைக்கொள்பவர் சேவை நிறுவனத்தை அழைக்க நேர்ந்தாலும், "இணையம் வரவில்லை" என்று மட்டும் கூறமாட்டார், "ரூட்டர்வரை மறுமொழி வருகிறது, அதற்கு அப்பால் இல்லை" என்று கூறுவார். இடம் தெரிந்த பழுது, பாதி நீங்கிய பழுது.

கற்பவை கற்றபின்...

1. உங்கள் வீட்டிலோ பள்ளிக் கணினி ஆய்வகத்திலோ உள்ள இணைப்பின் கண்ணிகளை வரிசையாகப் படமாக வரைக.
2. மிதிவண்டி, நீரேற்றி, மின்விசிறி ஆகியவற்றுள் ஒன்று பழுதானால் எந்த வரிசையில் சோதிப்பீர்கள் என்பதைக் காரணத்துடன் எழுதுக.