தோல் நோயும் நுண்ணுயிர்க் குளிசையும்

பனிக்காலம் தொடங்கியதும் ரொறன்ரோவில் வாழும் நம்மவர் வீடுகளில் தோல் பற்றிய முறைப்பாடுகளும் தொடங்கிவிடுகின்றன. வெளியே உறைகுளிர், உள்ளே இரவு பகலாக ஓடும் வெப்பமூட்டி. வீட்டுக் காற்றின் ஈரம் வற்ற, தோலின் ஈரமும் அதனோடு போய்விடுகிறது. முழங்கை மடிப்பையும் கால் மடிப்பையும் சொறிந்து புண்ணாக்கிக்கொள்ளும் குழந்தை, முகப்பருவினால் படம் எடுக்கவும் மறுக்கும் மகள், கணுக்காலில் வெண்பொடி உதிரும் பாட்டனார் என ஒரே வீட்டில் மூன்று தலைமுறையினரும் அல்லற்படுவதுண்டு.

இவர்கள் எல்லோருக்கும் ஒரே மருந்து என்று இப்பொழுது சொல்லப்படுவது புரோபயோற்றிக் என்னும் நுண்ணுயிர்க் குளிசை. தினம் ஒன்று விழுங்கினால் குடலில் நல்ல கிருமிகள் பெருகும், குடல் சீரானால் தோலும் சீராகும் என்பது விளம்பரம். மருந்துக்கடைகளில் இதற்கென்றே தனித் தட்டுகள் உண்டு. மாதமொன்றுக்கு முப்பது நாற்பது டொலர் இதற்குச் செலவிடும் குடும்பங்களும் உண்டு. பணத்தோடு மட்டும் முடிகிற விடயமானால் இதைப் பற்றி நீட்டி எழுத வேண்டியதில்லை. ஆனால் குளிசை வந்தவுடன், வைத்தியர் கொடுத்த பூசுமருந்தைத் தாய்மார் சிலர் அலுமாரியில் வைத்துவிடுகிறார்கள். கரப்பன் உள்ள குழந்தைக்கு அதனால் நேரும் துன்பம் சிறியதல்ல.

வயிற்றுக்கும் தோலுக்கும் தொடர்பு உண்டு என்ற எண்ணம் நம்மவருக்குப் புதிதன்று. கத்தரிக்காய் கரப்பன், இறால் கிரந்தி என்று விலக்கி வைத்த பாட்டிமார் எல்லோரும் இந்தக் கொள்கையின்படிதான் சமைத்தார்கள். மேல்நாட்டிலும் இது பழைய கதையே. உருசியப் பேரரசில் பிறந்து பாரிஸ் பாஸ்ரர் நிலையத்தில் பணியாற்றிய எலி மெச்னிக்கோவ், 1908இல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டவர். பல்கேரிய நாட்டுத் தயிரில் ஸ்ரேமன் கிறிகோறோவ் என்ற இளம் மருத்துவர் 1905இல் கண்டறிந்த கிருமியைப் பற்றி அறிந்து, புளித்த பால் முதுமையைத் தள்ளிப்போடும் என்று உலகுக்கு எடுத்துச் சொன்னவர் அவரே. தாமும் நாள்தோறும் புளித்த பால் அருந்தினார். 71 வயதில் காலமானார்.

தோலுக்கு வருவோம். 1930இல் அமெரிக்காவின் பென்சில்வேனியாப் பல்கலைக்கழகத்துத் தோல் மருத்துவர்களான ஜோன் ஸ்ரோக்ஸ், டொனால்ட் பில்ஸ்பெரி ஆகிய இருவரும், மனக்கவலை குடற்கிருமிகளை மாற்றும், அம்மாற்றம் தோலில் அழற்சியாக வெளிப்படும் என்று எழுதி, அசிடோபிலஸ் கிருமி சேர்த்த பாலைப் பரிந்துரைத்தார்கள். 1961இல் பால்ரிமோர் நகரத்து மருத்துவர் றொபேட் சைவர் 300 பேருக்கு லக்ரோபசிலஸ் கிருமிக் குளிசைகளைக் கொடுத்துப் பார்த்தார். முகப்பரு உள்ளவர்களில் 80 வீதமானோருக்கு ஓரளவாவது குணம் தெரிந்ததென்று அறிவித்தார். இந்த 80 வீதக் கணக்கு இன்றும் விளம்பரங்களில் தலைகாட்டுகிறது. அவர் குளிசை கொடாத ஒரு கூட்டத்தாரை ஒப்பிட்டுப் பார்க்கவில்லை என்பதை மட்டும் விளம்பரக்காரர் சொல்வதில்லை. முகப்பரு தானாகவே கூடிக் குறையும் இயல்புடையது. பரு மிக மோசமாகும்போதுதான் மருந்து தேடுகிறோம். அடுத்த மாதம் அது சற்றுத் தணிவது எப்படியும் நடக்கக்கூடியதே. ஒப்பீடு இல்லாத கணக்கால் எதையும் நிறுவ முடியாது.

புரோபயோற்றிக் என்ற சொல்லுக்கு இன்று உலகெங்கும் வழங்கும் வரைவிலக்கணத்தில் நமது மாகாணத்துக்கும் பங்குண்டு. உலக சுகாதார நிறுவனமும் ஐ.நா. உணவு விவசாய நிறுவனமும் 2001இல் ஆர்ஜென்ரீனாவிலும், 2002இல் ஒன்ராறியோ மாகாணத்து இலண்டன் நகரிலும் நிபுணர்களைக் கூட்டின. போதிய அளவில் உட்கொள்ளும்போது உடலுக்கு நன்மை தரும் உயிருள்ள நுண்ணுயிர் எதுவோ அதுவே புரோபயோற்றிக் என்று வகுத்தார்கள். இதில் மூன்று சொற்களைக் கவனிக்க வேண்டும்: உயிர், போதிய அளவு, நன்மை. எந்தக் கிருமி, எந்த நோய்க்கு, எத்தனை கோடி என்பதைத் தனித்தனியாக நிறுவ வேண்டும் என்பது அதிலேயே அடங்கியிருக்கிறது. ஒரு வகைக் கிருமியின் நற்சான்றிதழை அதன் ஒன்றுவிட்ட சகோதரனுக்குக் கொடுக்க முடியாது.

தோல் நோய்களுள் அதிகம் ஆராயப்பட்டது குழந்தைகளின் கரப்பன். பின்லாந்தின் துர்க்கு நகர ஆய்வாளர் 2001இல் வெளியிட்ட முடிவு மருத்துவ உலகை வியக்க வைத்தது. ஒவ்வாமை உள்ள குடும்பத்துத் தாய்மாருக்குப் பிரசவத்துக்குச் சில வாரம் முன்பிருந்து லக்ரோபசிலஸ் ஜீ.ஜீ. என்ற கிருமியைக் கொடுத்தார்கள். பிறந்த பின் ஆறு மாதம் தொடர்ந்தார்கள். இரண்டு வயதில், போலிக் குளிசை பெற்ற கூட்டத்தில் 46 வீதமான குழந்தைகளுக்குக் கரப்பன் இருந்தது. கிருமி பெற்ற கூட்டத்தில் 23 வீதம். சரி பாதி! ஆனால் அதே கிருமியைக் கொண்டு ஜேர்மனியின் பிறைபேர்க் நகரில் நடத்தி 2008இல் வெளியிட்ட ஆய்வில் இரு கூட்டத்தாருக்கும் இடையே வித்தியாசமே காணப்படவில்லை. 2015இல் உலக ஒவ்வாமை அமைப்பு, ஹமில்ரன் நகரத்து மக்மாஸ்ரர் பல்கலைக்கழகத்துடன் சேர்ந்து எல்லா ஆய்வுகளையும் நிறுத்துப் பார்த்தது. குடும்பத்தில் ஒவ்வாமை இருந்தால் கருவுற்ற தாயும் பாலூட்டும் தாயும் சிசுவும் எடுத்துப் பார்க்கலாம், கரப்பன் வருவதைத் தடுக்க அது உதவக்கூடும் என்றது. அதே மூச்சில் ஆதாரம் மிகவும் பலவீனமானது என்றும் சொல்லிவிட்டது.

இது வருமுன் காப்பது பற்றியது. வந்த பின் தீர்ப்பது வேறு விடயம். ஏற்கெனவே கரப்பன் உள்ளவர்கள் குளிசை எடுத்தால் என்ன நடக்கும் என்பதைக் கொக்கிறேன் ஆய்வுக் குழு 2018இல் ஆராய்ந்தது. 39 பரிசோதனைகள், 2599 பேர். சொறியிலோ தூக்கத்திலோ நோயாளர் தாமே உணரும் மாற்றம் அனேகமாக ஒன்றுமில்லை. மருத்துவர் இடும் 103 புள்ளிக் கணக்கில் ஏறத்தாழ 4 புள்ளி குறைந்தது. சொறிகிற பிள்ளைக்கு 4 புள்ளி தெரியாது.

ஏன் இப்படி? கரப்பனில் முதற்பழுது பெரும்பாலும் தோலிலேயே இருக்கிறது. 2006இல் ஸ்கொட்லாந்தின் டண்டி நகர ஆய்வாளர், பிலாக்ரின் என்னும் புரதத்தை உண்டாக்கும் மரபணுவில் குறை உள்ளவர்களுக்குக் கரப்பன் எளிதில் வருவதைக் கண்டறிந்தார்கள். அப்புரதம் சுவருக்குச் சாந்து போன்றது. சாந்து உதிர்ந்தால் உள்ளிருக்கும் ஈரம் வெளியேறும். வெளியிலிருக்கும் தூசும் கிருமியும் உள்ளே புகும். உதிர்ந்த சுவருக்கு வெளியிலிருந்து பூசுவதே முதல் வேலை.

குடற்கிருமிகளுக்கு இதில் பங்கே இல்லையென்று சொல்வதும் தவறு. நமது நகரத்துச் சிக்கிட்ஸ் சிறுவர் வைத்தியசாலை உட்படக் கனடாவின் நான்கு மையங்களில் ஏறத்தாழ 3500 குழந்தைகளைப் பிறப்பிலிருந்து பின்தொடரும் சைல்ட் ஆய்வு இருக்கிறது. மூன்று மாத வயதில் குடலில் குறிப்பிட்ட நான்கு வகைக் கிருமிகள் குறைந்திருந்த குழந்தைகளுக்கு ஆஸ்த்துமா வரும் அபாயம் கூடுதல் என்று அவ்வாய்வாளர்கள் 2015இல் காட்டினார்கள். அந்த நான்கும் கடையில் விற்கும் குளிசைகளில் வழக்கமாக இருப்பவை அல்ல என்பதையும் சேர்த்தே நினைக்க வேண்டும். ஆராய்ச்சி வளர்கிறது, விற்பனை அதற்கு முன்னே ஓடுகிறது.

முகப்பருவுக்கு ஆதாரம் இன்னும் குறைவு. 2013இல் வெளியான கனடிய ஆய்வொன்றில் 45 பெண்கள் மூன்று கூட்டமாகப் பிரிக்கப்பட்டு நுண்ணுயிர்க் குளிசையோ, மினோசைக்கிளின் என்ற கிருமிகொல்லியோ, இரண்டுமோ பெற்றார்கள். மூன்று கூட்டத்துக்கும் குணம் தெரிந்தது. இரண்டும் சேர்த்து எடுத்தவர்களுக்குச் சற்றுக் கூடுதல். போலிக் குளிசைக் கூட்டம் இதிலும் இல்லை. பருவுக்குக் கிருமிகொல்லி எடுக்கும் பிள்ளைகள் வைத்தியரைக் கேட்டு நுண்ணுயிர்க் குளிசையும் சேர்ப்பதில் பெரிய கெடுதி இல்லை. இரண்டையும் ஒரே வேளையில் விழுங்காமல் இடைவெளி விட வேண்டும். ரெற்றாசைக்கிளின் இனத்து மருந்துகளைத் தயிர், பால், சுண்ணச்சத்து, இரும்புச்சத்துக் குளிசைகளோடு சேர்த்து எடுத்தால் மருந்து உடலில் சேர்வது குறையும் என்பதையும் மறக்கலாகாது. முகம் பொலியும், சுருக்கம் நீங்கும் என்ற வாக்குறுதிகளைப் பற்றி எழுத இந்தப் பக்கத்தில் இடமில்லை. எழுதத்தக்க ஆதாரமும் இல்லை.

அப்படியானால் தயிர் போதாதா என்று மூத்தவர்கள் கேட்பது நியாயமே. வீட்டில் உறை ஊற்றிய தயிரிலும் திருவிழாப் பந்தலில் வார்க்கும் மோரிலும் உயிருள்ள லக்ரிக் அமிலக் கிருமிகள் ஏராளம். தோசை மாவையும் இட்டலி மாவையும் புளிக்க வைப்பதும் அவ்வினக் கிருமிகள்தான். ஆனால் கல்லில் வார்த்ததும் ஆவியில் அவித்ததும் அவை மடிந்துவிடுகின்றன. தோசை நல்ல உணவு, உயிருள்ள கிருமி தரும் உணவல்ல. பழஞ்சோற்றுத் தண்ணீருக்கு அந்தக் குறை கிடையாது. ரொறன்ரோ தை மாதத்தில் அதைக் குடிக்கத் துணிபவர் யார் என்பது வேறு கதை. தயிர் கரப்பனைத் தீர்க்கும் என்பதற்கு ஆதாரமில்லை. எனினும் அது உணவு. குளிசையைப் போலப் பணத்தை விழுங்குவதில்லை. கடையில் வாங்குவோர் சீனி சேர்க்காததையும், உயிருள்ள கிருமி உண்டென்று குறித்திருப்பதையும் தெரிந்தெடுக்கலாம். இரத்த அழுத்தம் உள்ளவர்கள் மோரில் உப்பு அள்ளிப் போடலாகாது. பால் ஒவ்வாத குழந்தைக்குத் தயிரும் ஆகாது.

இத்தனைக்குப் பிறகும் குளிசை வாங்க விரும்புவோர் போத்தலைத் திருப்பிப் பார்க்க வேண்டும். 2004 முதல் நடைமுறையிலுள்ள சட்டப்படி ஹெல்த் கனடா அனுமதித்த பொருளில் என்.பி.என். என்ற எட்டு இலக்க எண் இருக்கும். அது இல்லாததைத் தொட வேண்டாம். எந்தப் பயனுக்கு அனுமதி என்பதையும் அங்கேயே படிக்கலாம். பெரும்பாலும் குடல் நலம் பற்றியே இருக்கும், தோலைப் பற்றி அல்ல. கிருமியின் எண்ணிக்கை காலாவதித் திகதி வரைக்கும் உறுதியா, குளிர்சாதனப் பெட்டியில் வைக்க வேண்டுமா என்பனவும் அதிலேயே உண்டு. சைவ உணவினருக்கு இன்னொரு சங்கதி: குளிசையின் மேற்கூடு பல வேளைகளில் ஜெலற்றின் என்ற பொருளால் ஆனது. அது மாடு, பன்றி ஆகியவற்றின் தோலிலும் எலும்பிலும் இருந்து எடுக்கப்படுவது. மருந்தல்லாத சேர்பொருட்கள் என்ற பட்டியலில் அது எழுதியிருக்கும். தாவரக் கூட்டில் அடைத்தவையும் கிடைக்கின்றன. விசாரித்தால் மருந்தாளர் எடுத்துத் தருவார்.

நல்ல உடல்நிலை உள்ளவருக்கு இக்குளிசையால் வயிறு ஊதுவது தவிரப் பெரிய தீங்கு வருவது அரிது. புற்றுநோய்ச் சிகிச்சை பெறுவோர், உறுப்பு மாற்றுச் சத்திரசிகிச்சை செய்தோர், நோயெதிர்ப்பைக் குறைக்கும் மருந்து உட்கொள்வோர், பெருநாளத்தில் குழாய் பொருத்தப்பட்டோர் ஆகியோர் வைத்தியரைக் கேளாமல் எடுக்கவே கூடாது. உயிருள்ள கிருமி இரத்தத்தில் கலந்து நோயாகலாம். குறைமாதக் குழந்தைகளைப் பற்றி அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் 2023இல் இவ்வாறே எச்சரித்தது.

இனிக் கரப்பன் உள்ள பிள்ளைக்கு வேண்டியது என்ன? நாள்தோறும் இளஞ்சூட்டு நீரில் சிறிது நேரக் குளிப்பு; துவட்டியதும் ஈரம் காயுமுன் மணமற்ற தடித்த கிறீமோ வாசலினோ உடம்பு முழுவதும் தாராளமாகப் பூசுதல். தேங்காயெண்ணெய் பூசும் பழக்கமுள்ளோர் அதைத் தொடரலாம். பிலிப்பைன்ஸ் நாட்டில் 117 குழந்தைகளில் செய்து 2014இல் வெளியிட்ட ஆய்வில் அது கனிய எண்ணெயை விட நல்ல பயன் தந்தது. சிவந்து தடித்த இடத்துக்கு வைத்தியர் எழுதிய ஸ்ரெரோயிட் பூசுமருந்து. இந்தப் பெயரைக் கேட்டதும் நம்மவர் நடுங்குகிறார்கள். சொன்ன இடத்தில் சொன்ன நாளுக்குப் பூசினால் தோல் மெலிந்துபோவது அரிது. வளர்ந்தவரின் சுட்டுவிரல் நுனி நீளத்துக்குப் பிதுக்கிய மருந்து, இரண்டு உள்ளங்கை அளவு தோலுக்குப் போதும். பயந்து பயந்து துளி துளியாகப் பூசுவதால்தான் நோய் ஆறாமல் மாதக்கணக்கில் மருந்து ஓடுகிறது. செலவைப் பற்றியும் ஒரு சொல்: தனியார் காப்புறுதி இல்லாத 24 வயது வரையானோருக்கு மாகாணப் பட்டியலிலுள்ள மருந்துகளை ஓஹிப் பிளஸ் இலவசமாகத் தருகிறது. கைக்காசு கொடுத்து வாங்க வேண்டியது நுண்ணுயிர்க் குளிசையைத்தான்.

நமது நிறத்தில் அழற்சி சிவப்பாகத் தெரியாது என்பதை எல்லோரும் அறிந்திருக்க வேண்டும். கருமையாகவோ சாம்பல், ஊதா நிறமாகவோ தெரியும்; நோயின் கடுமையைக் குறைத்து மதிப்பிட இது இடமளிக்கும். ஆகவே கண்ணால் மட்டும் பாராமல் தடவிப் பார்த்துச் சூட்டையும் தடிப்பையும் அறிய வேண்டும். தேன் நிறப் பொருக்கு, சீழ், காய்ச்சல் ஆகியவை தோன்றினால் அன்றைக்கே குடும்ப வைத்தியரிடம் போக வேண்டும். துளையிட்டாற் போன்ற சிறு புண்களும் கொப்புளங்களும் திடீரெனக் கூட்டமாகக் கிளம்பிப் பிள்ளை வலியால் அழுதால், அது ஹேர்பிஸ் வைரசு கரப்பனில் பற்றியதாக இருக்கலாம். விடியும் வரை காத்திராமல் வைத்தியசாலை அவசரப் பிரிவுக்குக் கொண்டு செல்ல வேண்டும்.