தாமதத்தைப் பற்றி ஒரு தீசிஸ்... அதுவே தாமதமானால்?

கட்டுமான மேலாண்மையில் எம்.இ., எம்.டெக் படிக்கும் பிள்ளைகளின் வீடுகளில், கடைசி வருடத்தில் ஒரு வேடிக்கை நடக்கும். 'கட்டடப் பணிகள் ஏன் குறித்த நேரத்தில் முடிவதில்லை?' என்று பிள்ளை ஆய்வு எழுதிக்கொண்டிருப்பார். 'உன் ப்ராஜெக்ட் ஏம்ப்பா இன்னும் முடியல?' என்று அப்பா கேட்டுக்கொண்டிருப்பார். இரண்டு கேள்விகளுக்கும் பதில் ஏறக்குறைய ஒன்றுதான் என்பது இருவருக்குமே தெரியாது.

இரண்டு வருடப் படிப்பில், முதல் வருடம் பாடங்களிலும் பரீட்சைகளிலும் ஓடிவிடும். இரண்டாவது வருடம்தான் ஆய்வேடு. மூன்றாவது செமஸ்டரில் தலைப்பு, முந்தைய ஆய்வுகளைப் படிப்பது, திட்டமிடுவது. நான்காவது செமஸ்டரில் தகவல் சேகரிப்பு, அலசல், எழுத்து, கடைசியில் வைவா. காகிதத்தில் பார்த்தால் தாராளமான அவகாசம். ஆனால், தலைப்பு முடிவாவதற்கே தீபாவளி வந்துவிடும்.

தலைப்பில்தான் முதல் சறுக்கல். 'கட்டுமானப் பணிகளில் தாமதத்துக்கான காரணங்கள்' என்ற தலைப்பு, இந்தத் துறையின் நூலகங்களில் விதவிதமான அட்டைகளில் அடுக்கப்பட்டிருக்கிறது. செய்முறையும் மாறாது. முப்பது, நாற்பது காரணங்களைப் பட்டியலிட்டு, ஒவ்வொன்றுக்கும் ஒன்று முதல் ஐந்து வரை மதிப்பெண் போடச் சொல்லி ஒரு கூகுள் ஃபார்ம். அது வாட்ஸ்அப் குரூப்களில் சுற்றும். ஐம்பது பேர் பதில் சொல்லி, ஒரு காரணத்துக்கு மொத்தம் 210 மதிப்பெண் வந்தால், அதிகபட்சமான 250-ஆல் வகுத்து 0.84 என்று குறிப்பார்கள். 'ரிலேட்டிவ் இம்பார்ட்டன்ஸ் இண்டெக்ஸ்' என்பது இதுதான். பட்டியலின் உச்சியில் பெரும்பாலும் என்ன வரும்? பணம் வர லேட், ஆள் பற்றாக்குறை, டிராயிங் மாற்றம், சாமான் வரவில்லை. இதைச் சொல்ல ஒரு வருட ஆய்வு எதற்கு? எந்த மேஸ்திரியும் ஒரு டீ குடிக்கும் நேரத்தில் சொல்லிவிடுவார்.

சர்வே முறையே தப்பு என்று அர்த்தமில்லை. யாரிடம் கேட்கிறோம் என்பதில்தான் விஷயம். கான்ட்ராக்டரைக் கேட்டால், 'பில் பாஸ் பண்ண மாட்டேங்கறாங்க' என்பார். உரிமையாளர் தரப்பைக் கேட்டால், 'ஆளே போடறதில்லை' என்பார்கள். இருவரையும் ஒரே கூடையில் போட்டுச் சராசரி எடுத்தால், அந்த முரண்பாடே காணாமல் போய்விடும். ஆய்வுக்குத் தீனியாக இருந்ததே அந்த முரண்பாடுதான். பதில் போட ஆள் கிடைக்கவில்லை என்று, சைட்டையே பார்க்காத வகுப்பு நண்பர்களை நிரப்பச் சொல்வது இன்னொரு பழக்கம். அப்படி வந்த எண்ணை எந்த சாஃப்ட்வேரில் போட்டு எடுத்தாலும் பிரயோஜனமில்லை.

மறுபக்கம், உண்மையான தகவல் சைட் ஆபீஸின் இரும்பு அலமாரியில் தூசு படிந்து கிடக்கிறது. அரசுப் பணிகளில் 'ஹிண்ட்ரன்ஸ் ரிஜிஸ்டர்' என்று ஒன்று வைப்பார்கள். வேலை எதனால் தடைபட்டது, எந்தத் தேதி ஆரம்பித்து எந்தத் தேதி விலகியது என்று அதில் எழுதியிருக்கும். கான்ட்ராக்டருக்குக் கூடுதல் அவகாசம் தரலாமா என்பதை இதை வைத்துத்தான் முடிவு செய்வார்கள். ஓர் உதாரணம். மார்ச் 1 முதல் 20 வரை டிராயிங் வரவில்லை. மார்ச் 11 முதல் 25 வரை சிமென்ட் இல்லை. தனித்தனியாகக் கூட்டினால் 35 நாள். ஆனால், காலண்டரில் போனது 25 நாள்தான். நடுவில் இரண்டு தடைகளும் ஒன்றின்மேல் ஒன்று விழுந்த அந்தப் பத்து நாளுக்கு யார் பொறுப்பு? வழக்குகளும் பஞ்சாயத்துகளும் நடப்பது இந்தப் பத்து நாளுக்காகத்தான். ஒரே ஒரு கட்டடத்தின் ரிஜிஸ்டரை வைத்து இதை மட்டும் ஒழுங்காக ஆராய்ந்தால், அது ஐம்பது கூகுள் ஃபார்ம்களைவிடப் பெரிய வேலை.

தினசரி வேலை அறிக்கை, ஆள் வருகைப் பதிவேடு, அளவுப் புத்தகம், கான்கிரீட் க்யூப்களை 7-ம் நாளும் 28-ம் நாளும் உடைத்துப் பார்த்த சோதனைப் பதிவு என ஒவ்வொன்றும் ஒரு சுரங்கம். பொங்கலுக்கும் தீபாவளிக்கும் முன்னும் பின்னும் கம்பி கட்டும் ஆட்கள் எத்தனை நாள் குறைகிறார்கள், வட மாநிலத் தொழிலாளர்கள் ஊருக்குப் போனால் எந்த வேலை முதலில் நிற்கிறது என்பதெல்லாம் வருகைப் பதிவேட்டைப் புரட்டினால் வந்து விழும்.

பதிவேடு கையில் கிடைக்கவில்லையா? தானே ஒன்றை உருவாக்கலாம். அமெரிக்காவின் க்ளென் பல்லார்டும் கிரெக் ஹோவெலும் 1990-களில் செய்தது கிட்டத்தட்ட அதைத்தான். 'இந்த வாரம் முடிப்போம்' என்று சைட்டில் சொல்லப்பட்ட வேலைகளில் எத்தனை உண்மையிலேயே முடிந்தன என்று எண்ணினார்கள். ஏறக்குறைய பாதிதான் முடிந்திருந்தது! அதிலிருந்து வளர்ந்த 'லாஸ்ட் பிளானர்' முறையைப் பற்றித்தான் பல்லார்டு தன் முனைவர் பட்ட ஆய்வேட்டை 2000-ல் பர்மிங்காம் பல்கலைக்கழகத்தில் சமர்ப்பித்தார். இன்று பல நாடுகளின் கட்டுமான நிறுவனங்களில் அது புழக்கத்தில் இருக்கிறது. கணக்கு மிக எளிது. 20 வேலை சொல்லி 13 முடிந்தால் 65 சதவிகிதம். 'தொண்ணூறு பர்சென்ட் முடிஞ்சிருச்சு சார்' என்பதெல்லாம் முடியாத கணக்கில்தான் சேரும். முடியாத ஏழுக்கும் காரணத்தை அன்றைக்கே எழுதிவைக்க வேண்டும். ஒரு நோட்டு, பத்து வாரம், வாரத்துக்கு இரண்டு முறை சைட்... ஒரு மாணவரால் முடியாத காரியமா இது?

சைட்டுக்குள் நுழைவதுதான் கஷ்டம். 'அதெல்லாம் ஹெட் ஆபீஸ்ல கேளுங்க தம்பி' என்று வாசலிலேயே திருப்பி அனுப்புவார்கள். கம்பெனிக்குப் பயம் இருக்கத்தானே செய்யும்? கல்லூரியின் கடிதம், கம்பெனி பெயரை வெளியிடாமல் 'ப்ராஜெக்ட் ஏ' என்றே எழுதுவோம் என்ற உறுதி, பணத் தொகைகளைக் கேட்காமல் தேதிகளை மட்டும் கேட்பது என்று போனால், மூன்றாவது கம்பெனியிலாவது கதவு திறக்கலாம். பெண்களுக்கு இதற்கு மேலும் சிக்கல். ஒழுங்கான கழிப்பறை இல்லாத சைட்டுகள் ஏராளம். கான்கிரீட் போடுவது பெரும்பாலும் இரவு வரை இழுக்கும். ஹாஸ்டல் கதவும் வீட்டுக் கட்டுப்பாடும் அதற்கு முன்பே மூடிக்கொள்ளும். 'நீ சர்வே தலைப்பே எடும்மா' என்று அனுப்பிவைப்பது அக்கறையாகத் தோன்றும். உண்மையில் அது அந்த மாணவியின் ஆய்வைச் சுருக்கிவிடுகிறது.

கதவே திறக்காவிட்டாலும் பொதுவெளியில் தகவல் இருக்கிறது. 150 கோடி ரூபாயும் அதற்கு மேலும் மதிப்புள்ள மத்திய அரசுத் திட்டங்களின் நிலையை, மத்தியப் புள்ளியியல் அமைச்சகம் அறிக்கைகளாக வெளியிட்டு வந்திருக்கிறது. எது எத்தனை மாதம் தாமதம், செலவு எவ்வளவு கூடியது என்பது அதில் உண்டு. 2016-ல் வந்த ரெரா சட்டப்படி, பதிவுசெய்த அடுக்குமாடித் திட்டங்களின் விவரங்களை பில்டர்கள் மூன்று மாதத்துக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும். சொன்ன தேதிக்கும் கொடுத்த தேதிக்கும் உள்ள இடைவெளியை அதில் பார்க்கலாம். 2020-ல் கொரோனாவுக்காக ஆறு மாத நீட்டிப்பு தரப்பட்டதை மட்டும் தனியாகக் கழிக்க வேண்டும்.

அடுத்த ஆபத்து, வேலை. வைவாவுக்கு முன்பே கேம்பஸில் ஆர்டர் வந்துவிடும். சேர்ந்தவுடன் 'வீக் எண்டில் எழுதிக்கலாம்' என்று தோன்றும். சைட் இன்ஜினீயருக்கு ஏது வீக் எண்ட்? சிலருக்குக் கல்யாணமும் அதே சமயத்தில் நிச்சயமாகும். தகவல் எல்லாம் கையில் இருந்தும், இரண்டு அத்தியாயம் எழுதாமல் பட்டம் தொங்கிக்கொண்டிருக்கும். இரண்டாம் அத்தியாயமான 'முந்தைய ஆய்வுகள்' பகுதியை முதலில் எழுத உட்காருபவர்கள்தான் அதிகம் மாட்டுகிறார்கள். நாற்பது கட்டுரைகளைப் படித்து, எழுதி, பிளாஜியரிசம் சோதனையில் சிவப்பு மை வாங்கி, திரும்பவும் எழுதி மாதங்கள் போய்விடும். 'எப்படிச் செய்தேன்' என்ற மூன்றாம் அத்தியாயத்தை சைட்டுக்குப் போகும் நாள்களிலேயே எழுதிவிட்டால், கை பழகிவிடும். எந்தப் பழைய ஆய்வுகளைப் படிக்க வேண்டும் என்பதும் தானாகத் தெளியும்.

கடைசியில் வைவா. வெளியிலிருந்து வரும் தேர்வாளர் ஆய்வேட்டைப் புரட்டிவிட்டு, 'இந்தப் பன்னிரண்டு நாள் தாமதம் கிரிட்டிக்கல் பாத்தில் இருக்கா?' என்று கேட்பார். காம்பவுண்டு சுவர் பன்னிரண்டு நாள் தள்ளிப்போனால் சாவி கொடுக்கும் தேதி மாறாமல் இருக்கலாம். அஸ்திவாரக் கம்பி பன்னிரண்டு நாள் தள்ளிப்போனால், அதன் மேல் எழும்பும் எல்லாமே தள்ளிப்போகும். ஃபார்மில் மதிப்பெண் வாங்கியவர் இந்தக் கேள்விக்கு ஃபார்முலாவைத் தேடுவார். சைட்டில் நின்று தேதி குறித்தவர், 'இல்ல சார், அதுக்கு இருபது நாள் ஃப்ளோட் இருந்துச்சு' என்று நோட்டைத் திறக்காமலேயே சொல்வார்.